யந்திரத்தின் கேலி

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேட்டில், கோயிலுக்கு விட்ட நிலத்தின் பங்குகளில் ஒன்று மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் இன்றும் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அந்த வாசிப்பிலிருந்து இந்தக் கூத்துக்கு நேர்கோடு இழுக்கும் உத்தேசம் எனக்கில்லை. கூத்தில் வரும் கட்டியங்காரனைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. காரணம், அவன் வேலையை யந்திரங்களுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

2010இல் ஹெதர் நைட் 'டேட்டா' என்ற ரோபோவை அமெரிக்காவில் மேடையேற்றினார். 58 சென்டிமீட்டர் உயரம். முகம் அசையாது, ஹாஸ்யத்தின் பாரம் முழுவதும் தலை, தோள், கைகளின் மேல். 2020இல் நயோமி ஃபிட்டர் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தன் ரோபோவுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தார். சபையின் சிரிப்பு அடங்கும்வரை அது அடுத்த வாக்கியத்தைத் தொடாது. இது சாமானிய விஷயமல்ல. கேலியில் பாதி காத்திருப்பதுதான்.

உயிரில்லாத ஜடம் எப்படிக் கேலி செய்யும் என்று கேட்பது சுலபம். மனிதன் யந்திரம்போல் விறைத்துப்போகிற இடத்தில் சிரிப்புப் பிறக்கிறது என்று பெர்க்ஸன் 1900இலேயே எழுதினார். அதைத் தலைகீழாக்கினால் ஒரு கட்டுரை தேறும். ஆனால் நம் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வெறும் ஆட்டுத்தோல். ஒருவன் கை ஓங்கினால் சபை குலுங்குகிறது. ஆக, உயிரின்மை ஒரு தடையே அல்ல. திரைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ந. முத்துசாமி எழுதிய பிறகுதான் நம்மில் பலர் கூத்துப் பார்க்கப் போனோம். போய், கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் வியந்துவிட்டு வந்தோம். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் ராஜா நிற்க, அவனை யார் என்று விசாரிக்கிற கட்டியங்காரனைச் சரியாகப் பார்க்கவில்லை. ஒருமுறை ஒரு கட்டியங்காரர் ராஜாவின் நடையை அரைத்தாளம் பிந்தி நடந்து காட்டினார். அது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் நடை என்பது எனக்குத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் அவர் எழுந்துவிட்டார். மத்தளம் நின்றது. கட்டியங்காரர் மன்னிப்புக்குக் கை கூப்பினார். கூப்பிய கை நெஞ்சில் நிற்காமல் நெற்றிக்கு, உச்சிக்கு, அதற்கும் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு வினாடி, சபை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை. பிறகு பெரியவரே சிரித்துவிட்டார். மறுநாள் காலை அதே ஊரில்தான் அந்த மனிதர் காப்பி குடித்தாக வேண்டும். அந்தக் கைக்கு அர்த்தம் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ரோபோவின் கைக்கு மறுநாள் காலை கிடையாது. அதை முதியோர் இல்லங்களில் வைத்துப் பார்க்கிறார்கள். தோளைக் குலுக்கிக் கிழவரைச் சிரிக்க வைத்து, அந்த இளக்கத்தில் மாத்திரையை விழுங்க வைத்துவிடலாம். அந்தச் சிரிப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். நாளெல்லாம் யாரும் பேசாத மனிதரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இங்கே திரைக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லை, ஒரு கம்பெனி இருக்கிறது. யாரும் எழுந்து நின்றுவிடக் கூடாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்ட கேலி அது. முகஸ்துதிக்கு இன்னொரு பெயர். அப்படியானால் புண்படுத்தக்கூடிய யந்திரத்தையா கேட்கிறாய் என்றால், அதையும் கேட்க எனக்குத் துணிவில்லை.

கூத்தில் கட்டியங்காரனைச் சபையும் திருப்பிக் கேலி செய்யும். அவன் முகம் வாடுவது தெரியும். அந்தக் கிழவரும் ஒருநாள் பதிலுக்கு ஏதாவது சொல்வார். யந்திரம் சரியான கணத்தில் தலையைச் சாய்க்கும். "உறைச்சுதா அதுக்கு?" என்று அவர் பக்கத்திலிருக்கும் நர்ஸைக் கேட்டால், அந்தப் பெண் என்ன சொல்வாள்?