தோல் பதனிடுபவரின் மனைவி

அழைத்தல் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் உரியதாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லறத்தில் இருக்கும் ஒருவர், நாற்பது வயதுக்கு மேல், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தம் கைக்கு இசைந்த தொழில் ஒன்றை முழு நேரமாகச் செய்ய விரும்பினால், அந்த விருப்பத்துக்கு நம்மிடம் தக்க பெயரில்லை. 'ஆசை' என்போம், சற்றுக் கடுமையானவர்கள் 'பொறுப்பின்மை' என்பார்கள். இரண்டும் அவசரத்தில் பிறந்த சொற்கள். ஒரு குடும்பத்தைக் காக்கும் கடமை உடையவர், தம் தொழிலைத் தாமே தேர்ந்துகொள்ள எவ்வளவு தூரம் உரிமை உடையவர் என்பது ஆற அமர எண்ண வேண்டிய வினா.

நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊரும் பேரும் வேண்டாம். ஆம்பூர் வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலை ஒன்றில், தோல் வெட்டும் பிரிவில், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை. மனைவியும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவரும் உண்டு. இரவு நேரங்களில் வீட்டில் அமர்ந்து பெல்ட், பணப்பை, தோள்பை என்று கையாலேயே செய்து விற்கிறார். இனி இதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை.

அவர் பக்க நியாயம் சிறியதன்று. தொழிற்சாலையில் ஒரு காலணி பல கைகளைக் கடந்தே உருவாகிறது. வெட்டுபவர் தைப்பதில்லை, தைப்பவர் அடித்தோல் ஒட்டுவதில்லை. இத்தனை ஆண்டுகள் உழைத்தும், 'இது முழுவதும் நான் செய்தது' என்று பிள்ளைகளிடம் காட்ட அவரிடம் ஒரு ஜோடிகூடக் கிடையாது. வீட்டில் செய்வதோ வேறு வகை. குரோமியத்தால் பதனிட்ட தோல் விரைவில் ஆயத்தமாகும், மென்மையானதும்கூட. ஆனால் அதில் செதுக்கலும் அச்சும் நன்றாக நிற்பதில்லை. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோலை ஈரமாக்கினால் வளைந்து கொடுக்கும். அழுத்திய உருவைக் காத்துக்கொள்ளும். கைபடக் கைபட நிறம் கனியும். தையலைப் பாருங்கள். இயந்திரம் மேல்நூலையும் கீழ்நூலையும் ஒன்றோடொன்று பூட்டிச் செல்கிறது. ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் தளரத் தொடங்கும். கையால் தைப்பவரோ ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் செலுத்தி இழுக்கிறார். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். இத்தனை நுட்பம் அறிந்த கை, நாள் முழுதும் ஒரே அச்சை வைத்து அழுத்துவதில் நிறைவு காணவில்லை என்றால் அதைக் குற்றம் என்பதற்கில்லை.

1981ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல் அவருக்குத் துணை நிற்பது போலத் தோன்றும். செய்யப்படும் பொருளைக் கொண்டல்ல, செய்பவர் மனிதர் என்பதைக் கொண்டே உழைப்பின் மாண்பை அளக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. (தொழிற்சாலை வேலையும் இதே காரணத்தால் மாண்புடையதே என்பதை, கைத்தொழிலைப் புகழ்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.) ஆனால் அதே மடல் வேறொன்றையும் சொல்கிறது: நீதியான ஊதியம் என்பது ஒரு குடும்பத்தை அமைத்துப் பேணவும் அதன் வருங்காலத்தைக் காக்கவும் போதுமானதாய் இருக்க வேண்டும். இதை நாம் எப்போதும் முதலாளிகளை நோக்கியே மேற்கோள் காட்டிப் பழகியிருக்கிறோம். தமக்குத் தாமே முதலாளியாகிறவரை நோக்கி யார் காட்டுவது?

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு தோள்பையை வெட்டி, துளையிட்டு, தைத்து, விளிம்பை நீர் தொட்டுத் தேய்த்து மெருகேற்ற இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருபத்துநான்கு நாள் உழைத்தால் பன்னிரண்டு பைகள். ஆனால் தோல் வாங்கச் செல்வதும், பணம் கேட்டு அலைவதும், பழுது பார்த்துக் கொடுப்பதும் மூன்றில் ஒரு பங்கு நாளைத் தின்றுவிடும். மிஞ்சுவது எட்டுப் பைகள். எட்டின் விலையிலிருந்து தோல், நூல், கொக்கி, போக்குவரத்து ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சியதை உழைத்த மணிகளால் வகுத்துப் பார்க்கட்டும். வைப்பு நிதி இல்லை. தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் இல்லை. அந்தக் கூலியை வேறொரு முதலாளி கொடுத்திருந்தால், 'சுரண்டல்' என்று நாமே மேடையேறிப் பேசியிருப்போம். தம் உழைப்பைத் தாமே சுரண்டிக்கொள்பவர் தம் பங்கை மட்டும் இழப்பதில்லை; பிள்ளைகளின் பங்கையும் சேர்த்தே இழக்கிறார்.

இருந்தும், கணக்கு மட்டுமே இதைத் தீர்த்துவிடும் என்று நாம் கருதவில்லை. விலை கூடலாம், வாடிக்கையாளர் பெருகலாம். மனைவியின் மறுப்புக்கு என்ன மதிப்பு என்பதே கடினமான பகுதி.

திருத்தூதர் பணிகள் நூலில், பேதுரு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் பல நாள் தங்கினார் என்று படிக்கிறோம். அந்த வீடு கடலோரத்தில் இருந்தது. இறந்த விலங்கோடும் நாற்றத்தோடும் பழகும் தொழில் அது. யூதச் சமூகம் அதை ஒதுக்கியே வைத்தது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளியும், ஊரின் கிழக்குப் புறத்திலும் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. ஒதுக்கப்பட்டவரின் வீட்டில் திருத்தூதர் தங்கியதை மறையுரைகளில் வியந்து பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அதே மிஷ்னாவின் இன்னொரு விதியை நாம் பேசுவதில்லை. கணவர் தோல் பதனிடுபவர் என்றால், மனைவி மணவிலக்குக் கோரலாம். அவர் கொடுத்தே ஆக வேண்டும். அத்தொழிலை அவர் திருமணத்துக்கு முன்பே செய்திருந்தாலும் சரி, பின்னர் மேற்கொண்டாலும் சரி. முன்கூட்டியே அறிந்து சம்மதித்தவளின் நிலை என்ன? ரபி மெயிர் என்பவர், 'தாங்க முடியும் என்று நினைத்தேன், இப்போது முடியவில்லை' என்று அவள் சொல்லலாம் என்றார். மற்ற அறிஞர்கள், சம்மதித்தவள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றனர். மணவிலக்குச் சட்டம் நமக்குரியதன்று. ஆனால், ஓர் ஆணின் தொழில் அவன் மனைவியின் உடலிலும் மூச்சிலும் படிகிறது என்பதையும், அவள் ஒருமுறை சொன்ன 'சரி' என்றைக்கும் போதாது என்பதையும் ஒரு பழைய சமூகம் எண்ணிப் பார்த்திருக்கிறதே, அது நமக்கு வேண்டும்.

பை தைப்பவர் தோல் பதனிடுபவர் அல்லர், நாற்றமும் இல்லை என்று நம் நண்பர் சொல்வார். உண்மை. ஆனால் இந்த மண்ணில் தோல் வெறும் பொருளாக இருந்ததில்லை. வட ஆர்க்காட்டின் தோல் பதனிடும் கூடங்களில் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவருடைய பாட்டனார் அவர்களில் ஒருவர். ஏற்றுமதிக் காலணிகளின் மேற்பாகங்களை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் தைத்துத் தரும் பெண்கள் இன்றும் அங்கு உண்டு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி, வேறெந்தப் பாதுகாப்பும் இல்லை. மனைவியின் தாயார் அப்படித் தைத்தவர். தோல் வீட்டுக்குள் வந்தால் முதுகும் கண்ணும் விரலும் என்னவாகும் என்பதை அந்த அம்மாள் கண்டு வளர்ந்திருக்கிறார். நகரத்தில் பை வாங்குபவர் கணவரைக் 'கலைஞர்' என்பார். சொந்தத் தெருவில் அதே வேலைக்குப் பழைய சொல் ஒன்று காத்திருக்கிறது. நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அந்தச் சொல் வந்து நிற்கும் என்று தாய் அஞ்சுகிறார். சாதி இழிவுக்கு அஞ்சி ஒரு நல்ல தொழிலைக் கைவிடச் சொல்வது நமக்கு உடன்பாடன்று. ஆனால் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய வரலாறுடைய திரு அவையினராகிய நாம், 'அஞ்சாதே அம்மா' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

மனைவி மக்கள் இல்லாத நாம் இதில் கருத்துச் சொல்லலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்பது முறையே. தூய பவுலும் கூடாரத் தொழிலாளி; அவரைத் தோல் வெட்டுபவர் என்றே தூய யோவான் கிறிசோஸ்தோம் குறிப்பிடுகிறார். இரவும் பகலும் பாடுபட்டதாகப் பவுல் எழுதுகிறார். அவருக்கு அது இயன்றது. இரவில் அழும் குழந்தை அவருக்கில்லை. ஆகவே இல்லறத்தாருக்கு நாம் காட்ட வேண்டியது பவுலை அன்று, கொரிந்து நகரில் அவருக்கு இடமளித்த அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரை. கணவன், மனைவி இருவருக்குமே அது தொழில் என்கிறது திருத்தூதர் பணிகள். புதிய ஏற்பாடு அவர்களைக் குறிப்பிடும் ஆறு இடங்களில் நான்கில் மனைவியின் பெயரே முன்னே நிற்கிறது.

எதிர்ப்பக்கத்தில் டால்ஸ்டாய் இருக்கிறார். 1880களில் அந்தப் பேரெழுத்தாளர் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். 1885இல் கவிஞர் ஃபெத்துக்கு ஒரு ஜோடி செய்து கொடுத்து ஆறு ரூபிள் பெற்றார். உழைப்பால் உண்ண வேண்டும் என்ற அவருடைய விருப்பம் போலியானதன்று. ஆனால் அவர் ஊசி பிடித்த வேளையில் பெரிய குடும்பத்தையும் பண்ணையையும் பதிப்பு வேலையையும் தாங்கியவர் சோஃபியா. பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்ற அந்த அம்மையார் வேண்டித் தேர்ந்த எளிமை அல்ல அது. கணவருடைய மனச்சான்றின் செலவு மனைவியின் கணக்கில் எழுதப்பட்டது.

நம் நண்பரின் வீட்டில் அந்தக் கணக்கை இப்போது மனைவியே எழுதுகிறார். இரவில் விற்ற ஒவ்வொரு பைக்கும் தோல் விலை, நேரம், வரவு என்று ஒரு நோட்டுப் புத்தகம். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் அதில் சம்பளத்தில் முக்கால் பங்காவது நின்றால் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம் என்பது அவர் சொன்ன முதல் நிபந்தனை. வேலை நடக்கும் இடம் வீடாக இருக்கக்கூடாது என்பது இரண்டாவது; ஒரு சிறு அறையாவது வாடகைக்குப் பார்க்க வேண்டும். மூன்றாவது பிள்ளைகளைப் பற்றியது. குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகச் சிறுவர்கள் உதவலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. சட்டம் இடமளித்தாலும் தாய் இடமளிக்கவில்லை. இளையவன் ஊசியைத் தொட விரும்பினால் தொடலாம், ஆனால் விற்கும் பொருளைத் தைக்கக்கூடாது என்கிறார். தந்தைக்கு இதில் வருத்தம் உண்டு. கை இளமையில் பழகினால்தான் படியும் என்பது அவர் வாதம். அவர் சொல்வதும் பொய்யன்று. ஆனால் பாட்டியின் விரல்களைப் பார்த்தவரின் சொல் இங்கே நிற்கட்டும் என்றே நாம் கருதுகிறோம்.

நோட்டில் ஏழு மாதம் நிரம்பியிருக்கிறது. அவற்றில் நான்கில் முக்கால் பங்கு வந்தது, மூன்றில் வரவில்லை. மூத்தவள் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். அதுவரை காலையில் சங்கு ஊதும்போது அவர் தொழிற்சாலை வாயிலில் நிற்பார்.