நிரந்தரமாக

மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது இயலாமை ஓய்வூதியத்துக்கான காகிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 கேட்பது ஒன்றைத்தான்: இவர் இனி வேலைக்கு நிரந்தரமாக லாயக்கில்லை என்று டாக்டர்கள் எழுதித்தர வேண்டும். 'நிரந்தரமாக' என்ற சொல்லை நம் கவிஞர்கள்கூட இவ்வளவு தயக்கமின்றி உபயோகிப்பதில்லை.

வெள்ளைக்காரர் காலத்து சிவில் சர்வீஸ் விதிகளில், ஒழுங்கீனத்தாலோ குடியாலோ நேரடியாக விளைந்த இயலாமைக்கு ஓய்வூதியம் இல்லை என்று இருந்தது. குரூரமான விதி. ஆனால் தான் தார்மீக விசாரணை நடத்துவதை அது மறைக்கவில்லை. உடம்பை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லும் பரிசோதனையில்தான் எனக்குச் சிக்கல்.

1999-ல் ஒரு சிஸ்டர் விண்ணப்பித்தார். 22 வருஷ சர்வீஸ். நோயாளிகளைத் தூக்கியும் புரட்டியும் இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. மெடிக்கல் போர்டுக்கு முதல்நாள் நான் சொன்னேன்: "அங்கே சிரிக்காதீங்க சிஸ்டர். கொஞ்சம் குனிஞ்சே நில்லுங்க."

"வலி நிஜமாவே இருக்கே சார்" என்றார்.

இல்லாத வலியை நடிப்பது பொய். அதில் தகராறு இல்லை. இருக்கிற வலியை நடிப்பதற்கு என்ன பெயர்? உண்மைக்குச் சாட்சியாக ஒரு பாவனையைச் சிபாரிசு செய்தேன். இரக்கத்தால் செய்தேன் என்பது என்னைக் காப்பாற்றுமா என்று இன்றும் தெரியவில்லை.

பெரிய டாக்டர் உள்ளே வந்ததும் சிஸ்டர் நிமிர்ந்து நின்றுவிட்டாராம். 22 வருஷப் பழக்கம். இலகுவான வேலை பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள்.

பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றது 1995-ம் வருஷச் சட்டம். 2016-ல் வந்த சட்டமும் அதைக் காப்பாற்றியிருக்கிறது. போராடிப் பெற்ற சட்டம், நான் குறைசொல்ல வரவில்லை. இருக்க விரும்புகிறவருக்கு அது கதவு. போக விரும்புகிறவருக்கு?

ரிஜிஸ்டர் எழுதும் மேஜை கொடுத்தார்கள், வார்டிலேயே. ஒரு ராத்திரி கிழவர் ஒருவர் கட்டிலிலிருந்து சரிந்திருக்கிறார். சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு ஓடித் தாங்கிவிட்டார். அதற்குப்பின் ஒரு மாதம் படுக்கை. உத்தரவுப்படி அது அவர் வேலையே அல்ல என்று ஒரு விசாரணைக் கடிதம்கூட வந்தது. டைப் அடித்தவன் நான்.

அவரால் தூக்க முடியுமா என்று போர்டு பார்த்தது. தூக்காமல் இருக்க முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை. அதை எந்த எக்ஸ்-ரே காட்டும்? இந்தத் தொழிலில் இயலாமை என்பது தசையின் விஷயம் மட்டுமல்ல என்று படுகிறது. கண்முன் ஒருவன் விழும்போது உட்கார்ந்திருக்கும் திறன் போய்விட்டவருக்கு இலகுவான வேலை என்று வார்டில் ஒன்று கிடையாது. நல்ல நர்ஸ் என்று நாம் சொல்வது அந்தத் திறன் போனவரைத்தான்.

இரண்டாவது முறை விண்ணப்பம் கொடுக்க வந்தார். நான் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தடவை எப்படி நிக்கணும் சார்?" என்று கேட்டார்.