பழுதை அறிந்தவர் கடமை

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத கார் பெங்களூரின் ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்றுவிடுகிறது. டோ வண்டி வந்து இழுத்துப் போகிறது. இரண்டு நாளில் சரிசெய்து, ஒரு ரூபாய்கூட வாங்காமல், கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிறார்கள். அடுத்த மாதம் அதே கார் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறது. மறுபடியும் டோ, மறுபடியும் இலவசப் பழுதுபார்ப்பு. நான்காவது முறை உரிமையாளர் பொறுமையிழந்து, வேறு கார் கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். ஷோரூமில் கிடைப்பது ஒரே பதில்: வாரண்டி இருக்கிறதே, எத்தனை முறை வந்தாலும் இலவசமாகச் செய்து தருகிறோம். கேட்பதற்கு இது நியாயமாகவே ஒலிக்கும். பல்லாயிரம் உதிரிபாகங்கள் சேர்ந்த இயந்திரத்தில் ஒன்றிரண்டு பிசகுவது யார் செய்த பாவமும் அல்ல. அந்தப் பிசகு தெரிந்த பிறகு யார் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அறம் உரசிப் பார்க்கப்படுகிறது. இலவசமாகப் பழுது பார்ப்பதோடு விற்றவரின் கடன் தீர்ந்துவிடுகிறதா? பழுதைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியுமோ அவர் மேல்தான் அதிகக் கடமை விழும் என்று ஒப்புக்கொண்டால், தீரவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய மாட்டுச் சந்தையை நினைத்துப் பார்க்கலாம். வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்த்தார், சுழி பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். விலைதான் துண்டுக்குள் மறைந்திருந்தது. மாடு வெயிலில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்றது. அதனால் ‘பார்த்துத்தானே வாங்கினாய்’ என்ற பேச்சுக்கு அங்கே ஓரளவு நியாயம் உண்டு. காரில் இது தலைகீழ். விலை பட்டியலில் பளிச்சென்று இருக்கிறது, பொருள்தான் மறைந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் உரசும் இடத்தில், ஒரு சின்ன சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால், என்ன கோளாறு வந்தது, அப்போது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது என்று காரின் கணினி குறித்து வைத்த பதிவு திரையில் வரும். அதைப் படிப்பவர் சர்வீஸ் சென்டர் ஊழியர். படித்து முடித்ததும் அழிப்பவரும் அவரே. உரிமையாளர் கைக்கு வருவது ஜாப் கார்டு. அதில் ‘சோதிக்கப்பட்டது, கோளாறு இல்லை’ என்றோ ‘சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது’ என்றோ ஒரு வரி இருக்கும். அடியில் ‘வேலையில் திருப்தி’ என்ற இடத்தில் ஒரு கையெழுத்து கேட்பார்கள். காரை வாசல் தாண்டி ஓட்டிப் பார்க்கும் முன்பே போடப்படும் கையெழுத்து அது. பின்னால் வழக்கு என்று வந்தால், அந்தத் திருப்தியே உரிமையாளருக்கு எதிரான சாட்சியாக எழுந்து நிற்கும்.

ஒரு காருக்குள் இருக்கும் தகவலோடு இது முடிவதில்லை. அதே மாடல், அதே பாகம், அதே பழுது என்று நாடெங்கும் உள்ள சர்வீஸ் சென்டர்களிலிருந்து பதிவுகள் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். தன் காருக்கு மட்டும் கெட்ட நேரம் என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அது ஒரு தொகுதி முழுவதற்கும் வந்த நோய் என்று தயாரிப்பாளருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அறிவை அமுக்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் போதும். ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென அணைந்துபோக அந்தச் சுவிட்ச் காரணமாக இருந்தது. சுவிட்சின் வடிவமைப்பை மாற்றினார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. எண் மாறாததால், பழைய சுவிட்ச் எது, புதியது எது என்று பின்னால் விசாரித்தவர்களால் எளிதில் பிரித்தறிய முடியவில்லை. 2014-இல்தான் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தச் சுவிட்சால் நேர்ந்தவை என்று இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. கார் ‘சும்மா நின்றுபோகிறது’ என்ற புகாரைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டியதில்லை.

நம் சட்டம் இந்த அறிவு ஏற்றத்தாழ்வைப் பாதிதான் கண்டுகொண்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை மாற்றித் தரவோ விலையைத் திருப்பித் தரவோ மாவட்ட ஆணையம் உத்தரவிடலாம். வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 15 லட்சம் ரூபாய்க் காருக்கு ஆணையக் கட்டணம் 400 ரூபாய்தான். இதுவரை நல்லது. ஆனால் குறை இருப்பதை நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவர். நிபுணர் சோதனை தேவை என்றால் அதற்கான கட்டணத்தையும் முதலில் அவரிடமே கேட்கலாம். 2006-இல் மாருதி கார் ஒன்றின் கிளட்ச் பழுது தொடர்பான வழக்கில், வாரண்டி சொல்வது பாகத்தைச் சரிசெய்வதையோ மாற்றுவதையோதான், காரையே மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2010-இல் ஃபியட் கார் வழக்கில் சற்று இறங்கி வந்தது: தயாரிப்பிலேயே குறை என்று தனி நிபுணர் சொன்னால் விலை, வாழ்நாள் வரி, தவணைப் பணம் எல்லாம் 12 விழுக்காடு வட்டியோடு திரும்பக் கிடைக்கும். எல்லாம் அந்த நிபுணர் சொல்லில் தொங்குகிறது. 2019 சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. தன் மேல் அலட்சியம் இல்லை என்று தயாரிப்பாளர் நிரூபித்தாலும் தப்ப முடியாத அளவுக்குக் கடுமையானது. ஆனால் அது சொல்லும் ‘தீங்கு’ என்பதில், பொருளுக்கே நேரும் கேடும் வெறும் பண இழப்பும் சேரா. கார் ஆளை அடித்தால் அந்த அத்தியாயம் விழித்துக்கொள்ளும். நாலு முறை நடுரோட்டில் நின்றால் விழிக்காது. 2021 முதல் நடப்பில் உள்ள கட்டாயத் திரும்பப் பெறுதல் விதிகளும் சாலைப் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஆபத்தான குறைகளுக்கே.

ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். வாரண்டிப் புத்தகத்தில் பழுது பார்ப்போம் என்றுதானே எழுதியிருக்கிறது, படித்துப் பார்த்துத்தானே வாங்கினார்கள்? அந்தப் புத்தகத்தில் ஒரு வரியை மாற்றச் சொல்லி வாங்கியவர் யாரும் இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், ‘பழுது பார்ப்போம்’ என்ற சொல்லுக்குள்ளேயே பழுது நீங்கும் என்ற வாக்கு அடங்கியிருக்கிறது. நீங்காத பழுதை ஐந்தாவது முறை தொட்டுப் பார்ப்பதை வைத்தியம் என்று சொல்ல மாட்டோம். இதற்கிடையில் உரிமையாளர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கர்நாடகத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு வாழ்நாள் வரி 17 விழுக்காடு. 15 லட்சம் ரூபாய்க் காருக்கு அதுவே 2,55,000 ரூபாய், கூடுதல் வரி தனி. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலும் வங்கித் தவணை நிற்காது, காப்பீடும் ஓடிக்கொண்டிருக்கும். இலவசம் என்று சொல்லப்படும் பழுதுபார்ப்பில் இலவசமாக இருப்பது கூலியும் பாகமும் மட்டும்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பழுதுக்கெல்லாம் தயாரிப்பாளர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? வெளிக்கடையில் ஒயரை வெட்டி விளக்கும் ஸ்பீக்கரும் மாட்டுகிறார்கள். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் கிளட்ச் மேலேயே காலை வைத்து மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கலப்பட எரிபொருள் இருக்கிறது, மழைநாளில் தேங்கும் தண்ணீர் இருக்கிறது. எல்லாம் உண்மை, கார் பிடிக்காமல் போனதற்குப் பழுதைச் சாக்காகச் சொல்பவரும் இருக்கக்கூடும். ஆனால் இந்த உண்மையை எடுத்து வைக்கக் கூடியவர் யார்? வெட்டிய ஒயரைக் கண்ணால் பார்ப்பவரும், தேய்ந்த கிளட்ச் தட்டைக் கையில் எடுப்பவரும், கணினிப் பதிவைப் படிப்பவரும் நிறுவனத்தின் ஆட்களே. அவர்களால் காட்ட முடியும்; காட்டட்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டம் இதைத்தான் செய்கிறது: வாங்கி 6 மாதத்துக்குள் தலைகாட்டும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும்; இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்றவர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-இலேயே கணக்கு வைத்துவிட்டது: குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரே பழுதுக்கு 4 முறை வந்தாலோ, கார் மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலோ, பழுதுபார்க்கப் போதிய வாய்ப்புக் கொடுத்தாயிற்று என்று பொருள். இரண்டும் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடவில்லை. சுமையைத் தூக்கத் தெம்புள்ள தோளுக்கு மாற்றியிருக்கின்றன, அவ்வளவே. அப்படிச் செய்தால் கார் விலை ஏறும் என்போருக்குப் பதில் சுருக்கமானது. அந்தச் செலவு இன்றும் இருக்கிறது. குறையுள்ள காரை வாங்கிய ஒரு குடும்பம் முழுதாகச் சுமக்கிறது. எல்லாக் கார்களின் விலையிலும் பரவினால் ஒவ்வொருவர் தலையிலும் விழுவது சில்லறைதான்.

வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைக் கர்நாடகம் 2024-இல் பார்த்தது. அது காரல்ல, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓலா எலக்ட்ரிக்கின் ஸ்கூட்டர். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்த நிறுவனத்தைப் பற்றி வந்த புகார்கள் 10,644. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டபோது 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. தீர்ந்தது என்று யார் சொல்ல வேண்டும், வண்டியைக் கொடுத்தவரா, ஓட்டுகிறவரா? அந்தப் பதிலுக்குச் சில வாரங்கள் முன்பு, 2024 செப்டம்பரில், கலபுரகியில் புது ஸ்கூட்டர் வாங்கிச் சில நாளிலேயே பழுதால் அலைந்த 26 வயது இளைஞர் ஷோரூமுக்குத் தீ வைத்துக் கைதானார். அது குற்றம், கவுன்ட்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கும் ஊழியர் அந்த ஸ்கூட்டரை வடிவமைத்தவர் அல்லர். சர்வீஸ் அட்வைசரிடம் கை நீட்டுவதிலும் குரல் உயர்த்துவதிலும் எந்த நியாயமும் இல்லை. ஆனால் அவரை முன்னே நிறுத்திவிட்டுத் தகவலோடு பின்னே நிற்பவர்கள், அந்தக் கோபத்தில் தங்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த வாதம் நிறுவனத்தோடு நின்றுவிடாது. உரிமையாளரிடமும் வந்து சேரும். அங்கேதான் பலரும் நழுவுகிறார்கள். அலைந்து சலித்தவர் கடைசியில் காரை விற்றுவிடுகிறார். மெருகேற்றி, எச்சரிக்கை விளக்கை அணைத்து, நாலு நல்ல படம் எடுத்துப் போட்டால் வாங்க ஆள் வருகிறது. ஓசூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ சேமிப்பையெல்லாம் திரட்டி முதல் கார் வாங்க வரும் ஒருவராகவும் அவர் இருக்கலாம். இப்போது பழுதை அறிந்தவர் யார், அறியாதவர் யார்? பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை பழைய கார்ச் சந்தையை வைத்தே இதை விளக்கியது. எது பழுதான கார் என்று வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் எல்லாக் காருக்கும் விலை சரியும், நல்ல கார் வைத்திருப்பவர் விற்க வராமல் ஒதுங்குவார், மிஞ்சுவது பழுதானவை. அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. பொருளாதாரம் ஒருபுறம் இருக்கட்டும். ‘என்னை ஏமாற்றினார்கள், நான் மட்டும் நஷ்டப்பட வேண்டுமா’ என்ற கேள்வி உண்மையிலேயே வலிப்பது. ஆனால் வாங்க வந்தவர் ஏமாற்றியவர் அல்லர். ஷோரூமிடம் கேட்கத் துணியாத கணக்கை வழிப்போக்கரிடம் தீர்த்துக்கொள்வது நியாயம் ஆகாது. பழுதைச் சொல்லி விற்றால் விலை குறையும். குறைந்த அந்தத் தொகையை, காரை விற்ற நிறுவனத்திடம் கேட்பதே முறை.

அதற்குக் காலக்கெடு உண்டு: புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. ஒவ்வொரு முறையும் தன் சொற்களிலேயே பழுதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லிப் பிரதி வாங்க வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் ‘திருப்தி’ என்று கையெழுத்திடக் கூடாது. உதவி எண் 1915-இல் பதிந்து, பயனில்லாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போக வேண்டும். சிங்கப்பூரைப் போல முதல் 6 மாதப் பழுதை விற்றவர் கணக்கில் வைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும். கணினிப் பதிவின் பிரதியை உரிமையாளருக்குக் கொடுப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை எந்த வழியும் பலிக்காமல் காரை விற்கத்தான் நேர்ந்தால், அந்த ஜாப் கார்டுக் கட்டு சாவியோடு சேர்ந்தே கைமாற வேண்டும்.