வினைக்குக் கெடு உண்டா?

ஒருவர் செய்த தீவினை எத்தனை காலம் கழிந்தாலும் அவரைத் தேடி வந்து சேரும் என்பது, சைவம், சமணம், பௌத்தம் எனத் தமிழகத்தில் வேரூன்றிய சமயங்கள் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும் ஒருமித்து ஏற்ற கொள்கை. அதே தவறுக்கு இழப்பீடு கேட்பவரோ, உரிமையியல் நீதிமன்றம் என்றால் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குள்ளும், நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் படியேறிவிட வேண்டும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் கெடு கடந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று தன் 3ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. தவறும் காலாவதியாகுமா, ஆகாது என்றால் இச்சட்டம் அறத்துக்குப் புறம்பானதா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

இக்கேள்வியை மதுரையில் நின்று கேட்பவர் சிலப்பதிகாரத்தைக் கடந்து செல்ல இயலாது. தீர விசாரியாமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்ட பாண்டியன், தன் பிழை கண்ணகியின் சிலம்பால் வெளிப்பட்ட அக்கணமே அரியணையில் உயிர்விடுகிறான். கோவலனின் கொலைக்கோ, மதுரையின் காவல்தெய்வமான மதுராபதி முற்பிறவியில் காரணம் காட்டுகிறாள். அப்பிறவியில் பரதன் என்ற பெயரோடு சிங்கபுரத்தில் இருந்த அவன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொல்வித்தான் என்பதும், சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாட்கள் முறையிட்டு அலைந்தபின் மலையேறி விழுந்து உயிர்விட்டாள் என்பதும் அத்தெய்வத்தின் கூற்று. வினைக்குக் கெடு இல்லை என்பதற்கு இக்கதையை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் அதில் பலரும் விரைந்து கடந்துவிடும் இடம் அந்தப் பதினான்கு நாட்கள்தான். நீலி முதலில் நாடியது மனிதரின் நீதியை; அரசனிடமும் ஊராரிடமும் கேட்ட முறை கிடைக்காமல் போன பின்னரே அவள் வழக்கு பிறவி கடந்த கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே ஊழ் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரைக் கைகட்டி இருக்கச் செய்வது அக்காப்பியத்தின் கருத்தாக முடியாது.

இனி, சட்டம் கெடு விதிப்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சாட்சிகள் இறந்துபோவார்கள், பத்திரங்கள் தொலைந்துபோகும், முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு உண்மையாகவே குற்றமற்ற ஒருவரும் தம் பக்கத்தை நிறுவ முடியாமல் தவிப்பார். வினையைக் கணக்கிடும் இறைவனுக்கு இத்தடை இல்லை. சாட்சியத்தை நம்பியே தீர்ப்பெழுத வேண்டிய மனிதருக்கு உண்டு. அதோடு, கெடு கடந்தால் வழக்காடும் வழி அடைபடுமே தவிரக் கடன் அழிவதில்லை என்பது இந்தியச் சட்டத்தின் நிலைப்பாடு (சொத்துரிமை மட்டும் காலவரையறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அழிந்துபோகும்). 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது: காலாவதியான புரோநோட்டில் கடன் வாங்கியவர், பழைய பாக்கியைத் தந்துவிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால், புதிதாகப் பணம் எதுவும் கைமாறாத நிலையிலும், 25ஆம் பிரிவின்படி அந்த வாக்குறுதி செல்லும். கொடுக்க வேண்டிய கடமை உள்ளே உயிரோடு இருப்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

உண்மையான சிக்கல், கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. 1993இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட செவிலியர் ஒருவரின் வயிற்றில் விடுபட்ட துணி 2002இல் வெளிப்பட, அவர் 2004இல் வழக்குத் தொடுத்தார். பாதிப்பு மறைந்திருந்தால், நோயாளி அதை அறிந்த நாளிலிருந்தோ உரிய முயற்சியால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் ஓடும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனினும் ஆண்டுக்கணக்கில் வலியிருந்தும் அவர் அறுவை செய்த மருத்துவரை அணுகவில்லை என்று கூறி அவ்வழக்கைக் காலாவதியென்றே முடித்தது. விதி சரியானது, அதை அந்தப் பெண்ணுக்குப் பொருத்திய விதம் கடுமையானது. தன் உடலுக்குள் கிடப்பதை அறியாதவர்மேல் அறியாமையின் பழியைச் சுமத்துவது, அறிந்திருக்க வேண்டியவரை விடுவித்துவிடுகிறது.

சிறுவர்களுக்கு இந்தக் கடுமை இல்லை. காலவரையறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அவர்கள் பதினெட்டு வயதை எட்டும்வரை கெடு தொடங்குவதில்லை. ஆனால் கெடு காத்திருந்தாலும் அவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், மாமன் தனபதி எழுதிக் கொடுத்த சொத்தைத் தாயத்தார் பறித்துக்கொள்ள, சிறுவனும் தாயும் முறையிட்டதன்பேரில் சொக்கநாதரே அந்த மாமனின் உருவில் அவைக்கு வந்து வழக்குரைத்து மீட்டுத் தருகிறார். தனக்காகப் பேச இயலாதவருக்காக மற்றொருவர் பேசுவதன் பொருள் என்ன என்பதற்கு மதுரை வைத்திருக்கும் இலக்கணம் அந்தப் படலம். வக்காலத்து ஏற்கும் ஒவ்வொருவரும் ஏற்பது அந்தப் பொறுப்பைத்தான்.

அப்பொறுப்பு தவறும்போது கட்சிக்காரரின் கெடுவே கரைந்துபோகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதரப்பு வராத நிலையில், அளிக்கப்பட்ட தீர்ப்பை நீக்கக் கோரியவர், வழக்கறிஞரை நம்பியிருந்து 883 நாட்கள் தாமதமானார். நுகர்வோர் மன்றம் அந்த வழக்கறிஞரை ரூ.50,000 தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் தாமதத்தை மன்னித்து, எதிர்த்தரப்புக்கு ரூ.10,000 தருமாறு பணித்தது. காலவரையறை விதிகள் உரிமைகளை அழிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல என்ற கருத்து அத்தீர்ப்பில் அழுத்தமாக இடம்பெற்றது. 2024 மே 14 அன்று, வழக்கறிஞர் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று அதே நீதிமன்றம் முடிவு செய்துவிட்டதால், இன்று அப்படி ஏமாந்தவருக்கு எஞ்சியிருப்பவை வழக்கறிஞர் மன்றத்தில் புகாரும், மூன்றாண்டுக் கெடுவுள்ள உரிமையியல் வழக்கும்தான். அந்த வழக்குக்கும் மற்றொரு வழக்கறிஞரைத் தேட வேண்டும் என்பது எளிய மக்களுக்குச் சிறிய இடர் அன்று.

ஆதலால் நாட்காட்டியைத் தன் கையில் வைத்திருப்பவரே அதிகம் கடமைப்பட்டவர். தன் பிழையைத் தானே கட்சிக்காரரிடமோ நோயாளியிடமோ சொல்லாமல் மூன்றாண்டு ஓடட்டும் என்று காத்திருக்கும் வழக்கறிஞரோ மருத்துவரோ நீதிமன்றத்தில் தப்பலாம். அறத்தின் முன் அவர் பிழை அந்த மௌனத்தால் இரட்டிக்கிறது. பாதிக்கப்பட்டோரும் தாள்களை ஒப்படைக்கும்போது தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும், கடைசி நாள் எது என்று எழுத்தில் கேட்க வேண்டும். மதுரை உட்பட ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் சிறார்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் வருமான வரம்பு பாராமல் கட்டணமின்றி வழக்கறிஞர் அமர்த்தப்படுகிறார். ஐயம் தோன்றிய வாரத்திலேயே அங்கே செல்லுங்கள்.