பன்றி யார் நிலத்தில் படுத்திருக்கிறது?

பாலவனத்தம் தொடங்கித் திருச்சுழி வரை, மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாளில் சம்சாரிக்குத் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றி கதிரை மட்டும் கடித்துவிட்டுப் போவதில்லை. தட்டையை நெஞ்சால் முட்டிச் சாய்த்து, பாதியைத் தின்று மீதியை மிதித்துவிட்டுப் போகும். நிலக்கடலையில் இறங்கினால் விடியும்போது பாத்தி உழுது போட்டதுபோல் கிடக்கும். இதைக் கொல்லலாமா என்று கேட்டால் இந்தக் கரிசல் ஊர்களில் பதில் ஒன்றுதான். யார் கொல்வது, எப்படிக் கொல்வது என்று கேட்டால்தான் பேச்சு சிக்கலாகும்.

வேட்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அறுப்பு முடிந்த காட்டில் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை அவிழ்த்துவிட்டு முயல் விரட்டியவர்கள், அது யார் பட்டா என்று பார்த்ததில்லை. மதுரை, சிவகங்கைப் பக்கம் சிவராத்திரியை ஒட்டி ஊரே திரண்டு போன வேட்டையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் குற்றமாக்கியது. முயல் விஷயத்தில் சட்டத்தின் பக்கமே நியாயம். பன்றியைப்போல் வெள்ளாமையை அழிக்காத ஓர் உயிரைத் திருவிழாக் களிப்புக்காகக் கொல்வதை மரபு என்ற ஒரு சொல் காப்பாற்றிவிடாது. ஆனால் வேட்டையே சோறாக இருந்த நரிக்குறவரையும் அதே சட்டம் அதே தராசில் நிறுத்தியது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆயிற்று. இந்தத் தாமதத்துக்கு எந்த அறமும் துணை நிற்காது.

பன்றியின் கதை வேறு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்தது. கேரளம் 2022லேயே அந்த முடிவை உள்ளாட்சித் தலைவர்கள் கையில் கொடுத்துவிட்டது. சுடுகிறவன் குறி பார்க்கிறான். எதைக் கொன்றான் என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அவன் வராத ஊரில் சிலர் பம்புசெட்டிலிருந்து மின்சாரம் இழுத்து, முழங்கால் உயரத்தில் கட்டுக்கம்பியை ஓட்டிவிடுகிறார்கள். கம்பிக்குப் பன்றி எது, தண்ணீர் பாய்ச்ச வந்த ஆள் எது என்று தெரியாது. அப்படிச் செத்த மனிதர்களின் செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. பழத்துக்குள் வைக்கும் நாட்டு வெடியும் இதே சாதிதான். எதிரே நின்று, பொறுப்பேற்றுக் கொல்வதைவிட ஆளில்லாமல் கொல்வது கீழானது.

இதோடு முடித்துவிட்டால் பழி முழுக்கப் பன்றியின் மேலும் ஏழைச் சம்சாரியின் மேலும்தான் விழும். பன்றி பகலில் எங்கே படுத்திருக்கிறது? கம்மாய்க்குள்ளும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தில். 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது; வெட்டிய இடத்திலேயே மீண்டும் தழைத்துவிட்டது. தரிசுக்குச் சொந்தக்காரர் பல இடங்களில் ஊரிலேயே இல்லை. சில வருடத்துக்கு ஒருமுறை கரிமூட்டக்காரருக்கு விறகை விற்றுக் காசு பார்ப்பதோடு அவருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு முடிகிறது. லாபம் பட்டாதாரருக்கு, சேதம் பக்கத்துக் காட்டுக்காரருக்கு.

என் நிலத்தில் எதையும் கொல்ல விடமாட்டேன் என்று பட்டாதாரர் சொன்னால்? ஜெர்மனியில் சிறு நில உடைமையாளர்கள் தங்கள் நிலத்தில் மற்றவர் வேட்டையாடுவதைப் பொறுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இருந்தது. மனசாட்சிப்படி வேட்டையை எதிர்க்கும் உடைமையாளரை அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொல்ல மறுக்கும் உரிமை பெரியது, சரி. நிலத்தைக் கவனிக்காமலே போட்டு வைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆகவே குறைதீர் கூட்டத்தில் பன்றியைச் சுடச் சொல்லி மனுக் கொடுப்பவர்கள், அது அடையும் முள்காட்டின் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதட்டும். வனத்துறைக்கு ஓலை போகும் அன்றே அந்தப் பட்டாதாரருக்கும், கம்மாயானால் பொறுப்பான துறைக்கும் நோட்டீஸ் போகட்டும்.