6.84க்குக் கீழே

இஸ்ரோவில் விஞ்ஞானி/பொறியாளர் 'எஸ்சி' பதவிக்கு விண்ணப்பிக்க பி.இ. அல்லது பி.டெக்கில் முதல் வகுப்போடு 65 சதவீதம் வேண்டும். சிஜிபிஏ என்றால் 10க்கு 6.84. 6.83 வாங்கியவர் எழுத்துத் தேர்வு அறைக்குள்ளேயே போக முடியாது. நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். இந்த மாதிரி நிபந்தனைகளைத் தினமும் எழுதுகிறேன். ஆனாலும் அந்த இரண்டாவது தசம இலக்கம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ராமானுஜனை இழுத்துவந்துவிடுவார்கள். நானும் இழுக்கிறேன், வேறு காரணத்துக்காக. கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் படித்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிப்படி அது முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கானது.

விதி எப்படி வளைந்தது என்பதைத்தான் நாம் வேகமாகத் தாண்டிப் போகிறோம். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் கைக்காசு கொடுத்துத் தாங்கினார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வேறு. ராமானுஜன் ஏழைதான். ஆனால் அன்றைய சென்னையில் பெரிய மனிதர்கள் வீட்டுப் படியேற அவருடைய சாதி தடையாக இருக்கவில்லை. வளையக்கூடிய விதி வழியாக மேதை ஒருவர் வந்தார், சரி. ஆள் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அதே வழியில் வந்திருப்பார்கள்?

அதனால்தான் 'மார்க்கைத் தூக்கிப் போடுங்கள், திறமையைப் பாருங்கள்' என்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. பார்ப்பது யார்? முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்குகிற பையனுக்கு அந்தத் தாராளமான வாசகத்தைவிட 65 என்கிற கறாரான எண் பாதுகாப்பானது. அது உன் அப்பா யார் என்று கேட்காது.

சிக்கல் எண்ணில் இல்லை, சராசரியில் இருக்கிறது. எல்லா செமஸ்டரையும் கூட்டி வகுத்த எண் அது. என்னோடு படித்த ஒருவன் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து வந்தவன். முதல் வருஷம் பாடத்தைவிடப் பாடம் நடந்த மொழியோடுதான் அவனுக்கு மல்லுக்கட்டு. இரண்டு அரியர். மூன்றாம் வருஷம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புரியாத நாங்கள் எல்லாம் அவன் ரூமில்தான் கிடப்போம். கடைசி செமஸ்டர்களில் எட்டுக்கு மேல். கூட்டிப் பார்த்தால் 6.7. இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்து நான்கு வருஷமும் ஒரே இடத்தில் நின்ற என்னைவிட அவன் கீழே. ஏறிவந்த தூரத்தையே அவனுக்கு எதிராக எழுதிக்கொள்கிற கணக்கு இது.

அப்பா பெயரையும் கேட்காமல், முதல் வருஷத்தையும் கிளறாமல் ஒரு அளவுகோல் இருக்க முடியாதா? கேட் தேர்வு எழுத இப்படி மதிப்பெண் வரம்பு கிடையாது. மூன்றாம் வருஷத்திலிருந்து எத்தனை தடவையும் எழுதலாம். இஸ்ரோவும் தனியாக எழுத்துத் தேர்வு வைக்கிறது. அப்புறம் எதற்கு 6.84? விண்ணப்பங்களைக் குறைக்க என்பார்கள். நியாயமான கஷ்டம்தான், ஹால் பிடிக்க வேண்டும், பேப்பர் திருத்த வேண்டும். ஆனால் கடைசி நான்கு செமஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கூட்டம் குறையுமே. பதினேழு வயதில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வகுப்பில் பேந்தப் பேந்த விழித்ததை ராக்கெட் விடுகிறவர்கள் இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்க என்ன அவசியம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.