கருவியின் காட்சியும் அறிபவரின் காட்சியும்

அறிவு எப்போது மெய்யறிவாகும் என்பதை ஆராயும் சைவ சித்தாந்த அளவையியல், ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியைப் பிரமாணமாக ஏற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் இதன் விளக்கம் உள்ளது. ஐயமாவது மங்கிய ஒளியில் எதிரே நிற்பது கட்டையோ மனிதனோ எனத் துணியாமை. திரிபாவது கயிற்றைப் பாம்பெனவே துணிந்துவிடுதல். ஒளிப்படக்கலையைப் புதிதாகப் பயில்பவர் இவ்விரு குற்றங்களையும் தம் படங்களிலேயே காண நேர்வதால், கேமரா காண்கிறதா என்னும் வினா அவருக்கு வெறும் ஏட்டு வினாவாக நிற்பதில்லை.

படப்பரப்பை வந்தடையும் ஒளியின் அளவே எக்ஸ்போஷர். லென்ஸின் திறப்பாகிய அபெர்ச்சரும், ஒளி நுழையும் நேரத்தை வரையறுக்கும் ஷட்டர் வேகமும் அதனைத் தீர்மானிக்கின்றன. கேமராவினுள் உள்ள ஒளிமானியோ, எதிரே இருப்பது இன்னதென்று அறியாமல், எல்லாக் காட்சியும் 12 முதல் 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் நிறத்தது என்றே கொண்டு கணக்கிடுகிறது. ஆகவே வேதாரண்யத்து உப்பளத்தில் நண்பகல் வெயிலில் கண்கூச வெளுத்துக் கிடக்கும் உப்புக்குவியல், சட்டகம் முழுவதையும் நிறைத்திருக்குமானால், ஈரச் சிமெண்டைப் போலப் பதிவாகிறது. கரிய எருமை வெளிறித் தோன்றுகிறது. உப்புக்கு ஒன்றரை ஸ்டாப் அளவேனும் கூட்டவும் எருமைக்குக் குறைக்கவும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இருமடங்காக்குவது அல்லது பாதியாக்குவது) கற்பவர், பெயரும் இனமும் குணமும் கூட்டி அறியும் சவிகற்பக் காட்சியைக் கருவிக்கு வெளியிலிருந்து சேர்க்கிறார். பொருள் உளது என்ற அளவில் மட்டும் அறிவது நிருவிகற்பம். அளக்க மட்டுமே வல்ல ஒளிமானிக்கு அதுகூட உண்டு எனல் பொருந்தாது.

சட்டகத்துள் பொருள்களை அமைப்பதாகிய கம்போசிஷன் இதனினும் நுட்பமான சிக்கலைத் தருகிறது. இரு கண்ணால் காண்பவருக்கு முற்றத்தில் நிற்கும் பெண்ணும் அவருக்குப் பின்னே தெருவில் நிற்கும் மின்கம்பமும் ஒட்டுவதில்லை. படத்திலோ கம்பம் அவர் உச்சந்தலையிலிருந்து முளைக்கிறது. ஒளிக்கதிர் ஒன்றுகூடத் தவறவில்லை, எனினும் விளைந்தது திரிபு. ஓரடி நகர்ந்தால் தீரும் இக்குற்றத்தைப் பயில்பவர் படம் எடுத்த பின்னரே காண்கிறார். மனம் முகத்தில் தோய்ந்திருக்கையில், கண்ணில் பட்ட கம்பம் அறிவில் படவில்லை. உயிர் காட்டாமல் கண் தானே காண்பதில்லை. சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரத்தில் மெய்கண்டார், உயிர் கண்ணுக்குக் காட்டியும் உடன் கண்டும் உதவுவதை, இறைவன் உயிருக்குச் செய்யும் உதவிக்கு உவமையாக்குகிறார். இறைவன், உயிர், கண் என்னும் அவ்வரிசையில் கேமரா கண்ணுக்கும் ஒரு படி கீழே நிற்கும் சடப்பொருள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1983இல் வெளிவந்த நிக்கான் எஃப்.ஏ. கேமரா, சட்டகத்தை ஐந்து பகுதிகளாக அளந்து, முன்பே வகுத்த ஒளியமைப்புகளோடு ஒப்பிட்டு எக்ஸ்போஷரைத் தீர்மானித்தது. இன்றைய கேமராக்கள் முகத்தையும் கண்டுபிடிக்கின்றன. இது புகையைக் கண்டு நெருப்பைத் துணியும் கருதலளவையை ஒத்தது என வாதிடலாம். வாதம் எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. ஆயினும் அத்துணிவு யாருக்கு நிகழ்ந்தது எனச் சித்தாந்தி வினவினால், ஒப்பீட்டு முறையை வகுத்தளித்த பொறியாளரையோ, திரையில் தோன்றிய அளவை ஏற்றோ திருத்தியோ பொத்தானை அழுத்துபவரையோதான் சுட்ட நேரும்.